சிவக்காத பணியாரம்

என் வாழ்க்கையில் நான் வாதாடியது ஒரே ஒரு வழக்கு. அதில் ஜெயித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. கறுப்பு அங்கி கிடையாது, பட்டுப்பாவாடைதான். இப்போது மதுரையில் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் குடும்பத்தில் யாராவது இரண்டு பேர் முறுக்கிக்கொண்டால், "வக்கீலம்மாவக் கூப்பிடுங்க" என்று இன்றைக்கும் எனக்குத்தான் போன் வருகிறது.

நான் வக்கீலானதற்கு மாமா காரணம். அம்மாவின் தம்பி, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், ஒரு விடுமுறைக்கு வந்தபோது மடித்து மூடுகிற சின்ன விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்தது ஒரே ஆட்டம். துப்பாக்கியும் இல்லை, காரும் இல்லை. நாம்தான் வக்கீல். செய்யாத கொலைக்கு மாட்டிக்கொண்ட அப்பாவி ஒருவர் நம்மைத் தேடி வருவார். சாட்சி கூண்டில் ஏறிச் சொல்வதை வரி வரியாகக் கேட்க வேண்டும். எந்த வரி இடிக்கிறதோ அந்த இடத்தில் கையிலிருக்கிற ஆதாரத்தை எடுத்து நீட்ட வேண்டும். சரியாக நீட்டினால் நம் வக்கீல் "அப்ஜெக்ஷன்" என்று முழங்குவார். எதிர்க்கட்சி வக்கீலுக்கு வியர்த்து ஊற்றும். கடைசியில் நீதிபதி விடுதலை செய்வார், கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டலுக்காகவே நான் சாப்பாட்டை மறந்து கிடந்தேன்.

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலையில் இருந்தது. அதனால் சித்தியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். சித்தி கோயம்புத்தூரில் பி.காம். படித்துவிட்டு எங்கள் கீழச்சிவல்பட்டி வீட்டுக்கு வாழ வந்தவள். சித்தப்பா சென்னையில் வேலையாக இருந்ததால் மாதத்துக்கு இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தி எனக்குத்தான் சொந்தம். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தூணில் சாய்ந்துகொண்டு அவள் படித்துப் பொருள் சொல்வாள், நான் பொத்தானை அமுக்குவேன்.

ஒருநாள் அவள் கேட்டாள். "ஏண்டி, நம்மகிட்ட வர்ற ஆளு நெசமாவே தப்பு செஞ்சிருந்தா என்ன செய்யிறது?"

"செஞ்சிருக்க மாட்டாங்க சித்தி. நம்மகிட்ட வந்துட்டாலே அவுக நல்லவுகதான்" என்றேன். அந்த ஆட்டத்தில் அப்படித்தான். கட்சிக்காரரை நம்பினால் போதும், மற்றது தானாக நடக்கும்.

சித்திக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பெரியம்மா தவிர யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பெரியம்மா எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். மூத்த மருமகள், சாவிக்கொத்துக்குச் சொந்தக்காரி. அவள் சொன்னால் ஐயாகூட, அதாவது என் தாத்தா, அவளுடைய மாமனாரே, வெற்றிலையை மென்றபடி தலையாட்டுவார். கெட்டவள் இல்லை. அவள் வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவு வைக்க ஆசாரி மறந்துவிட்டான், அவ்வளவுதான்.

அந்த வருடம் பிள்ளையார் நோன்பு வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து நாள் எண்ணி, நாளுக்கொரு நூலாகச் சேர்த்துத் திரியாக்கி, பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைந்த மாவு உருண்டையில் அந்தத் திரியைச் செருகிக் கொளுத்துவார்கள். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவர் கையிலும் அதை எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுப்பது என்று அதற்குப் பெயர். கேட்கிற வெளியூர்க்காரர்களுக்குப் பதறும். எங்களுக்கு அது பாயசம் குடிப்பது மாதிரி. இழை எடுக்கும் வரை பெரியவர்கள் அன்று பட்டினி. பிள்ளையாருக்குப் படைக்கும் முன்னால் அந்த மாவை நாக்கில் வைத்தால் மகா பாவம்.

சாயங்காலம் பங்காளி வீட்டு ஆச்சிமார் எல்லாம் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐயா நாற்காலியில் இருந்தார். அவர் காலடியில் நான், என் விளையாட்டுப் பெட்டியோடு. உள்ளே அடுப்படியில் பெரியம்மா வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊரிலேயே பெரியம்மா பணியாரத்துக்குத் தனிப்பேர் உண்டு. பணியாரம் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். ஒரு கண் அசந்தால் சிவந்துவிடும், சிவந்தால் அதை ஊற்றியவள் மானம் போனது என்று அர்த்தம்.

திடீரென்று பெரியம்மா, சாமி வீடு என்று நாங்கள் சொல்கிற பூஜை அறையில் வைத்திருந்த இழைமாவுக் கிண்ணத்தோடு வளவுக்கு வந்தாள். கிண்ணத்தின் ஓரத்தில் விரலால் வழித்த தடம் இருந்தது.

"சாமிக்கு வச்ச மாவ எடுத்துத் தின்னுருக்கா. நாங் கண்ணால பாத்தேன். சாமி வீட்டுக்குள்ள இருந்து வாயத் தொடச்சுக்கிட்டு வாரா" என்று சித்தியைக் கை காட்டினாள்.

முறைப்படி சந்தேகப்பட வேண்டியது என்னைத்தான். ஆனால் நான் அத்தனை பேர் கண்முன்னால் உட்கார்ந்திருந்தேன். சித்தி தூணோரமாக நின்றாள். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா வருகிற ரயில் தாமதம் என்று மத்தியானமே போன் வந்திருந்தது.

"இவளுக்கு இன்னைக்கு இழை கெடையாது மாமா. கொடுத்தீகன்னா சாமி குத்தமாப் போகும்" என்றாள் பெரியம்மா.

சித்தியின் முகம் வெளுத்தது. பிள்ளை இல்லாதவள் என்ற பேச்சைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவள், இழை கிடையாது என்றதும் தூணைப் பிடித்துக்கொண்டாள். என் கூட்டாளி கூண்டில் நிற்கிறாள், வக்கீல் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்தேன். விரலை நீட்டினேன். "அப்ஜெக்ஷன்" என்றேன். ஆட்டத்தில் வருகிற மாதிரிக் கணீரென்று வரவில்லை, கோழி கொக்கரித்த மாதிரி வந்தது.

"பெரியவுக பேசுற எடத்துல ஒனக்கென்னடி வேல" என்று அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் ஐயா பாக்குவெட்டியால் வெற்றிலைப் பெட்டியில் டொக்கென்று தட்டினார். அவரை யாரும் எதற்கும் தீர்ப்புக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. "பிள்ளை கேக்கட்டும்" என்றார்.

பெரியம்மாவைக் கிண்ணத்தோடு ஜமுக்காளத்தின் நடுவில் நிற்க வைத்தேன்.

"பெரியம்மா, சித்தி வெளிய வரையில நீங்க எங்குட்டு இருந்தீக?"

"அடுப்படியில. பணியாரம் ஊத்திக்கிட்டு இருந்தேன்."

"அடுப்பு எங்குட்டுப் பாத்து இருக்கு?"

"கெழக்க."

"சாமி வீடு?"

"எனக்குப் பின்னாடி. அதுக்கென்ன, திரும்பிப் பாத்தேன். எந்திரிச்சு நெலைவாசல் வரைக்கும் போயி, அவ மூஞ்சியவே பாத்துட்டுத்தான் வந்தேன்."

இதுதான் இடிக்கிற வரி. அடுப்படிக்கு ஓடி, பணியாரத் தாம்பாளத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து ஐயா முன்னால் வைத்தேன்.

"நீங்க போகையில சட்டியில பணியாரம் கெடந்துச்சா?"

"கெடந்துச்சு."

"நெலைவாசல் வரைக்கும் போயி, பாத்துட்டு வார வரைக்கும் அது செவக்காமயா இருந்துச்சு?"

ஆச்சிமார் எல்லோரும் எட்டித் தாம்பாளத்தைப் பார்த்தார்கள். மல்லிகை மொட்டு மாதிரி அத்தனையும் வெள்ளை. நாச்சியாபுரத்து ஆச்சி ஒருத்தி, பணியாரத்தில் பெரியம்மாவுக்குப் பரம்பரைப் போட்டி, ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"சொல்லு ஆத்தா" என்றார் ஐயா. "செவந்துச்சா, செவக்கலையா?"

சிவந்தது என்று சொன்னால் வழக்கில் ஜெயிக்கலாம். ஆனால் அதை நாச்சியாபுரத்து ஆச்சி முன்னால் சொல்ல வேண்டும். பெரியம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள், அந்த ஆச்சியைப் பார்த்தாள்.

"எங் கையில ஊத்துன பணியாரம் எந்தக் காலத்துல செவந்திருக்கு?" என்றாள்.

"அப்ப நீங்க அடுப்ப விட்டு எந்திரிக்கவே இல்ல" என்றேன். "எந்திரிக்காதவுக எதையும் பாத்திருக்க முடியாது. என் கட்சிக்காரர் நிரபராதி."

ஐயா டொக்கென்று தட்டினார். "சாட்சி செல்லாது. அவளுக்கும் இழை உண்டு." ஆச்சிமார் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். நிஜமான கைதட்டல், பெட்டிக்குள்ளிருந்து வருவது இல்லை. என் காது இரண்டும் சூடாகிப் போயின. அந்த நிமிடத்தின் சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்தப் பரிசிலும் பட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன் என்பது தெரிய வந்தது என் கல்யாணத்துக்கு முதல் நாள். பணியாரம் ஊற்றிக்கொண்டே பெரியம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். "அன்னைக்கு ஒண்ணு செவந்துச்சுடி. எவ கண்ணுலயும் படக்கூடாதுன்னு அங்கனயே வாயில போட்டு முழுங்கிட்டேன். சாமிக்கு முன்னாடி தின்னதுல அவ ஒருத்தி, நான் ஒருத்தி" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆக, என் கட்சிக்காரரும் குற்றவாளி, எதிர்த்தரப்புச் சாட்சியும் குற்றவாளி. ஆட்டத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததே இல்லை.

அன்று சாயங்காலத்துக்கே திரும்பிப் போகிறேன். விளக்கு ஏற்றி, பிள்ளையாருக்குப் படைத்து, ஐயா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இழை கொடுத்தார். சித்தியின் முறை வந்தபோது சித்தப்பா தோள்பையோடு வாசலில் நுழைந்தார். அவரைப் பார்த்ததும்தான் சித்திக்கு மூச்சு வந்தது. இழையைச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.

ஐயாவுக்குப் புரியவில்லை. "என்னத்தா, அம்புட்டுத்தான்" என்றார்.

முதலில் புரிந்துகொண்டவள் பெரியம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கூடுதலாகத் திரித்து வைத்திருந்த திரிகளில் ஒன்றை எடுத்து மாவில் செருகிக் கொளுத்தி, மாமனார் கையில் கொடுத்தாள். ஐயா அதைச் சித்தியின் கையில் வைத்தார். சித்தி வாயில் போட்டுக்கொண்டதும் பெரியம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, வாயும் வயிறுமா இருக்கவள நான் பட்டினியில்ல போட்டுட்டேன்" என்று அவள் சொன்னது என் காதிலும் விழத்தான் செய்தது.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் இரண்டு இழை எடுக்க வேண்டும்; ஒன்று அவளுக்கு, இன்னொன்று வரப்போகிற உயிருக்கு. முந்தைய வருடம் ஒரு பிள்ளை தங்காமல் போனதால், இந்த முறை சித்தப்பா வந்து பக்கத்தில் நிற்காமல் யாரிடமும் சொல்வதில்லை என்று சித்தி இருந்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது விடுதலை இல்லை, அந்த இரண்டாவது இழை. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், வழக்கில் தோற்ற பெரியம்மா அழுகிறாள் என்பது. தோற்றவர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள், ஆட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆச்சிமார் குலவை போட்டார்கள். நான் முன்னால் வந்து நின்று, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன்.

சாப்பிடும்போதுதான் ஒரு குறை மனசில் உறுத்தியது. சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து நியாயம் கேட்டேன். "ஜெயிச்சுக் கொடுத்தது நானு. எனக்கு ஒரு இழை, ஒங்களுக்கு மட்டும் ரெண்டா?"

சித்தி தன் இலையிலிருந்த பணியாரத்தை எடுத்து என் இலையில் வைத்தாள். அவள் கண் ஈரமாக இருந்தது, வாய் சிரித்தது. "அந்த இன்னொண்ணு ஒன் ஜூனியருக்கு" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ஜூனியராவது மண்ணாவது, இந்த வழக்கை நான் ஒருத்தியாகத்தானே ஜெயித்தேன்.