அல்லிக்குள் பின்னால் போன படகு

கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி... என் முதல் வேலையை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது.

எண்பதுகளின் ஆரம்பம். மாத்தளையில் குளங்களைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் படவரைஞர். வரைபடங்களைப் பிரதி எடுக்க அமோனியா வேண்டும். மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு இடம் தேடுவார்.

அந்த வருடம் கலேவெலப் பக்கம் ஒரு குளத்தைச் சல்வீனியா என்ற நீர்க்களை மூடிவிட்டது. மதகு அடைபட்டு, வயலுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. மோட்டார் படகை விட்டால் களை அடியில் சுற்றிக்கொண்டு நடுக்குளத்தில் நின்றுவிடும்.

எங்கள் எஞ்சினியர் கனகசபை சேர், கழித்துப் போட்ட சின்ன விமானம் ஒன்றின் எஞ்சினை எங்கிருந்தோ பிடித்தார். தட்டைப் படகின் பின்பக்கம் அதைக் காற்றாடியோடு பூட்டினால், காற்றைத் தள்ளியே படகு ஓடும் என்றார்.

லொறியில் கொண்டுவரும்போது பொலிஸ் மறித்தது. காலம் அப்படி, எங்கும் சோதனை. அலுவலகக் கடிதத்தில் ‘விமான எஞ்சின்’ என்று படித்த கான்ஸ்டபிள் லொறியை இரண்டு முறை சுற்றி வந்தாராம்.

“மீதி பிளேன் எங்க?”

விமானத்தில் காற்றாடி முன்னால் நின்று இழுக்கும். படகிலோ பின்னால் நின்று தள்ளவேண்டும். அதற்கேற்ப எஞ்சினின் பேரிங்கை மாற்றியவர் கராஜ்கார ஜவ்பர் நானா. காற்றாடி மட்டும் பழையதே...

வெள்ளோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். நடுக்குளத்தில் படகைக் கரை பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தோம். அவர் கம்பீரமாகக் கரைக்கு வருவதாகத் திட்டம். முன் ஆசனத்திலிருந்து கை அசைத்தார். எஞ்சின் உறுமியது.

படகு பின்னால் போனது. கையை அசைத்தபடியே அவர் அல்லிக் கூட்டத்துக்குள் மறைந்தார்.

“சேர், பின்னுக்குப் போவுது!” என்று கத்தினார் நானா.

“மாத்தையா டாட்டா காட்டிட்டுப் போறாரு!” என்று ஒரு விவசாயி சிங்களத்தில் சொல்ல, கரையே சிரித்தது.

இடுப்புவரை சேற்றோடு ஜீப்பில் ஏறிய அதிகாரி இரண்டு கிழமை தவணை கொடுத்தார். பதினாலு நாளுக்குள் ஓடாவிட்டால் எஞ்சின் பழைய இரும்புக்கு.

“காத்தாடியக் கழட்டி மறுபக்கம் திருப்பிப் பூட்டுவோம்” என்றார் நானா. பூட்டினோம். அப்போதும் பின்னால்தான் போனது... கொஞ்சம் மெதுவாக. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பயிர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சேர் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே கரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காற்றாடியை அளந்து, ஊடே தெரியும் டிரேசிங் தாளில் வரைந்தேன். தாளைப் புரட்டியதும் முறுக்கு எதிர்ப்பக்கமாகத் தெரிய, பிடிபட்டது. ஸ்குரூ ஆணியை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அதன் புரி மாறாது. காற்றாடியும் அப்படித்தான். கண்ணாடியில் தெரிவதுபோல, முறுக்கே எதிர்ப்பக்கமாக இருக்கும் வேறு காற்றாடி வேண்டும்.

பயந்து பயந்து சேரிடம் காட்டினேன். தாளைத் தானும் புரட்டிப் பார்த்தார்.

“இத ஏன் பிள்ள முதல்லயே சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லியே சேர்...”

நானா சிரித்த சிரிப்பில் சேரும் சிரித்துவிட்டார்.

என் படத்தைப் பார்த்துத் தச்சு வேலை செய்யும் பாஸ் மரத்தில் புதுக் காற்றாடி செதுக்கினார். மறு வெள்ளோட்டத்தில் முன் ஆசனத்தைக் காட்டி நானா சொன்னார்: “நீங்க ஏறுங்க மிஸ். பின்னுக்குப் போனா உங்களத்தான் ஏசணும்.”

படகு முன்னால் பாய்ந்தது! என் குடை பறந்தது, ஒரு செருப்பும் போனது. நான் கத்தியது பயத்திலா சந்தோஷத்திலா என்று இன்றும் தெரியாது. களையை இழுத்து ஒதுக்கி, நாலாம் நாள் மதகைத் திறந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் நின்றோம்.

இப்போது என் மகள் கணினியில் படம் வரைகிறாள். ஒரு தட்டுத் தட்டினால் படம் கண்ணாடிபோலப் புரண்டுவிடுகிறது.

“இதுக்கா அம்மா ரெண்டு கிழமை?” என்கிறாள்.

ஆமாம். இன்றைக்குத் தவறு திரையிலேயே அழிந்துவிடுகிறது...

யாரும் நனைவதில்லை.