உப்புப் பார்க்காத சமையல்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நோன்பு மாதத்தில், ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. மறுநாள் அம்மாவுக்குத் தலைத் திவசம். பசாரில் காய்கறியெல்லாம் வாங்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனவள், வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டோடு வீடு திரும்பியபோது, கை வலியைவிட நாளைக்கு யார் சமைப்பது என்ற கவலைதான் என்னைத் தின்றது.

என் வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். ஒத்தாசைக்கு வந்திருந்த சித்திக்கு முழங்கால் வலி, அடுப்படியில் நிற்க முடியாது. தம்பி குடும்பம் அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கடல் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வர மதியமாகிவிடும். கடையில் வாங்கிப் படைக்கலாமே என்றார் வீட்டுக்காரர். எங்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து ஆக்கிப் போட்டவளுக்கு முதல் வருஷமே பொட்டலச் சோறா? அழுதேவிட்டேன்.

கையைப் பார்த்துவிட்டுப் போக வந்தார் எதிர்வீட்டு அக்கா. தமிழ் முஸ்லிம், ரொம்ப வருஷப் பழக்கம்.

"இதுக்குப் போய் அழுவாங்களா? நான் வந்து ஆக்கித் தர்றேன்லா. உங்க சட்டி, உங்க கரண்டி. என் வீட்டுச் சாமான் எதையும் எடுத்துட்டு வரமாட்டேன்" என்றார்.

 சித்தியின் முகம் போன போக்கைப் பார்த்தேனே!

காலையிலேயே தலைக்குக் குளித்து, முக்காட்டோடு வந்து நின்றார் அக்கா. சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, வடை, பாயசம். சித்தி அடுப்படி வாசலிலேயே நாற்காலி போட்டுக் காவல் மாதிரி உட்கார்ந்துகொண்டார். சாம்பார் கொதிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. படைக்கும் முன் நாங்கள் யாரும் வாயில் வைக்கக்கூடாது. அக்காவோ நோன்பு. உப்பு யார் பார்ப்பது?

கேட்டதற்குச் சிரித்தார். "நீங்களும் வாயில வைக்க முடியாது, நானும் வைக்க முடியாது. அம்மாவே பாத்துக்கட்டும், விடுங்க."

தாகத்தோடு, எண்ணெய்ச் சட்டி முன்னால் வேர்த்து வழிய நின்றார். ஒரு தடவைகூட உட்காரவில்லை. எல்லாம் முடிந்ததும் அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

படைத்து, காக்கைக்கு வைத்து, இலையில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்தோம். அடேயப்பா! உப்பு ஒரு கல் கூடவுமில்லை, குறையவுமில்லை. தம்பி நிமிர்ந்து, "யாரு சமைச்சதுக்கா?" என்றான். சொன்னேன். சித்தி சாம்பாரை இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சாயங்காலம் பார்த்தால், சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்று பால் காய்ச்சுகிறார்.

"மத்தியானப் பாயசம்தான் இருக்கே சித்தி?"

"படைச்சதை அவங்க சாப்பிட மாட்டாங்கடி. நோன்பு தொறக்கக் குடுக்கணும்ல? தனியா காய்ச்சறேன்."

இனிப்புப் பார்க்கலாம் என்று இடது கையால் கரண்டியை எடுத்தேன். பட்டென்று தட்டிவிட்டார்.

"வைடி கீழே! அந்தப் புள்ள பச்சத்தண்ணி பல்லுல படாம நமக்கு ஆக்கிப் போட்டிருக்கு. அதுக்கு முந்தி நாம வாய் வைக்கறதா?"

பாங்கு சொல்லும் நேரத்துக்கு முன்பே, தூக்குச்சட்டியோடு நொண்டி நொண்டிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார் சித்தி. பக்தி என்றால் என்னவென்று இன்றைக்கு யாராவது பேசினால், என் அடுப்பின் முன்னால் ஒரே நாளில் மாறி மாறி நின்ற அந்த இரண்டு பெண்களும்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.