வெட்டிய பெயர்களும் சுகந்தி அக்காவும்

ஒஸ்லோவின் ஹொல்ம்லியா நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது சிவநேசன் அண்ணை அழைத்தார். "அவ போயிட்டா, பிள்ளை." ரயில் வந்தது, ஏறினேன். வேலைக்குப் போகாமல் என்ன செய்வது?

அவருடைய மனைவி சுகந்தி அக்காவோடு ஒஸ்லோவின் தமிழ் வானொலியில் செய்தி வாசித்தவள் நான். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையாளராக இருந்தவர் அக்கா. இங்கே வாரநாளில் முதியோர் இல்லத்தில் வேலை, வார இறுதியில் வானொலி. விசா மறுக்கப்பட்டவர்கள், பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்க இடம் கிடைக்காத தாய்மார் எல்லாரும் அவரைத்தான் பிடிப்பார்கள். "கேள்வி கேட்டே களைச்சுப் போனன். பதில் சொல்லுற இடத்துக்குப் போய்ப் பாப்பம்" என்று கட்சியில் சேர்ந்தார்.

நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி அவருக்கு ஒஸ்லோ பட்டியலில் ஐந்தாம் இடம் கொடுத்தது. இங்கே வாக்கு கட்சிப் பட்டியலுக்குத்தான்; அதில் விருப்பமில்லாத வேட்பாளரின் பெயரை வாக்குச்சீட்டில் வெட்டலாம். ஊரில் பிடித்த வேட்பாளருக்கென்று தனியே போடும் விருப்புவாக்கில் பழகிய நம்மவர்கள், மேலே உள்ள நால்வரையும் வெட்டினால் அக்கா முதலிடத்துக்கு வந்துவிடுவார் என்று நம்பினார்கள். கோயிலிலும் கடையிலும் இதைச் சொல்லித் திரிந்தவர் சாட்சாத் சிவநேசன் அண்ணைதான். வாக்களித்துவிட்டு வந்து, "நாலு பேரையும் வெட்டிப்போட்டன். இனி நீர்தான்" என்றாராம் பெருமையாக. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாராம்.

கட்சிக்கு வாக்களித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெட்டினால்தான் பட்டியல் மாறும் என்பதால், வெட்டுகளால் எதுவும் மாறவில்லை. கட்சி நான்கு இடங்களை வென்றது. ஐந்தாவதாக இருந்த அக்கா மாற்று உறுப்பினராகி, மற்றவர்கள் விடுப்பில் போன நாட்களில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். ஆனால் தமிழர் வாழும் பகுதிகளில் மட்டும் ஏன் இத்தனை வெட்டு, யார் ஏற்பாடு என்று கட்சி அவரைக் குடைந்தது. "எங்கட சனம் அன்பில செய்த பிழை, பொறுப்பு என்ர எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் என்னிடம். கணவர் பெயர் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த தேர்தலில் அக்காவுக்குப் பட்டியலில் இடமே இல்லை.

நம்மவர்களோ, "அவ அங்கை போய் என்னத்தைக் கிழிச்சவ?" என்றார்கள். எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அக்காவுக்குக் கோபப்படவும் தெம்பிருக்கவில்லை. பிறகு வந்த புற்றுநோய் மிச்சத்தையும் தின்றுவிட்டது.

நேற்றுத் தகனம் முடிந்தபின், அக்காவின் குளிர்க்கோட்டை மடியில் வைத்தபடி அண்ணை என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"என்ர பேரைச் சொல்லியிருந்தா அவ கட்சியில தப்பியிருப்பா. ஏனப்பா சொல்லேல்லை எண்டு ஆசுப்பத்திரியில கேட்டனான். 'எனக்கெண்டு விழுந்த முதல் வோட்டு உங்கடதானே' எண்டா. அவவின்ர அஞ்சலியில இதையும் எழுதும், பிள்ளை."

எழுதிவிட்டேன். போய் ஆறுங்கள், அக்கா.