வலிக்காத கால்

என் அம்மா பச்சையம்மா பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடித்தவள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நடப்பாள். சேற்றில் இருக்கும் இறாலை முதலில் உள்ளங்கால் கண்டுபிடிக்கும்; பிறகுதான் கை கீழே போகும். பிடித்ததை, பல்லால் கவ்விக்கொண்டிருக்கும் பறி என்ற ஓலைக் கூடையில் போடுவாள். அப்படிப் பிடித்துத்தான் என்னை லேப் படிப்பு படிக்க வைத்தாள்.

1974 தை மாதத்திலிருந்து அவள் பறி நிறையவில்லை. கூடப் போகும் குப்பாயியின் பறி நிறைந்தது.

"இன்னாக்கா, இறாலுக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை இல்லியா?" என்றாள் குப்பாயி.

"எப்பிடிப் பேசறது? வாயிலதான் பறி கீதே."

வயசாகிறது என்றார்கள். முகத்துவாரம் மண் மூடிவிட்டது என்றாள் அம்மா. அவள் காலில் உணர்ச்சி குறைந்துகொண்டிருப்பது யாருக்கும் தோன்றவில்லை.

நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் டாக்டர் பூவராகவனின் லேபில் இருந்தேன். தினமும் பதினைந்து பேருடைய சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சிச் சர்க்கரை பார்ப்பேன். நீலம் செங்கல் நிறமாக மாறினால் அதிகம். அம்மாவுடையதை ஒருமுறையும் பார்த்ததில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். வெயிலில் வேலை செய்கிறவள் என்று நினைத்தேன்.

ஆவணியில் சிப்பி ஓடு ஒன்று வலது பெருவிரலுக்கு அடியில் கிழித்தது. அவளுக்குத் தெரியவில்லை. கரையில் ரத்தத்தைப் பார்த்துக் குப்பாயிதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது மஞ்சள் அப்பியிருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சா சொல்ல மாட்டனா? குந்து, நாஷ்டா துன்னு."

வலி இல்லை என்றதும் எனக்கு நிம்மதி. என் தவறு அதுதான். அவ்வளவு ஆழமான வெட்டு வலிக்காமல் இருந்ததே ஆபத்தின் அடையாளம். சுற்றிலும் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. அன்றைக்கே அழைத்துப் போயிருக்க வேண்டும். மாலை பஸ்ஸைப் பிடித்து நான் மட்டும் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிறு வாசலிலேயே வாடை வந்தது. விரல் கறுத்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில், மதராஸில் ஆஸ்பத்திரி.

டாக்டர் ஒரு ஊசியை எடுத்தார். "ஊசி படும்போது ஆமான்னு சொல்லும்மா."

படுத்திருந்தவளுக்குக் கால் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி பட்ட ஒவ்வொரு முறையும் சரியாக "ஆமா" என்றாள். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். வெளியே நிற்கச் சொன்னார். அதன்பிறகு உள்ளேயிருந்து ஒரு "ஆமா"கூடக் கேட்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்றார்கள்.

"எடுத்துக்கோ சார். எங்க ஏரியில நாரை ஒத்தக் காலுலதான் நிக்குது. அதும் மீனு புடிக்குது."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

விஷம் ஏற்கெனவே ரத்தத்தில் ஏறியிருந்தது. எடுத்த பிறகு பதினோரு நாள் இருந்தாள். பத்தாம் நாள் மதியம் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ரத்னா, வெரலு வலிக்குதுடி."

"எந்த வெரலும்மா?"

"சிப்பி கிழிச்சிதே, அந்தக் காலு. அய்யோ, இன்னா வலி!" முகம் சுருங்கியிருந்தது; கண்ணில் ஒரு சந்தோஷமும் இருந்தது. "பாரு, அது செத்துப்போவல."

எடுத்துவிட்ட காலிலும் வலி தெரிவதுண்டு. படித்திருக்கிறேன். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கை வைத்து அமுக்கிவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றாள்.