மண்டையோடு வழிவிடவில்லை

என் அக்கா போக்யோங், பூபியோங் ரயில் நிலையத்துக்குக் கீழே உள்ள கடைத்தெருவில் பதினாறு வருடம் துணி ஆல்ட்டர் செய்யும் கடை வைத்திருந்தாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நாற்பது வயதில், அவள் தைத்துக் கொடுத்த பள்ளிப் பாவாடை ஒன்றின் இடுப்பில் குண்டூசி தங்கிவிட்டது. அதைப் போட்டுப் பார்த்த பள்ளிப் பெண் சிரித்துக்கொண்டே ஊசியைத் திருப்பிக் கொடுத்தாள். சின்னக் கீறல்கூட இல்லை.

அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு துணியையும் காந்தத்தால் தடவினாள். முதலில் மூன்று முறை, பிறகு முப்பது. வாங்கிப் போனவர்களைப் போனில் கூப்பிட்டு, "கொஞ்சம் கழட்டிப் பாத்துடுங்களேன்" என்று கெஞ்சினாள். ஊசி இல்லை என்பது அவளுக்கே தெரியும். தெரிந்தும் கை நிற்காது. அதுதான் கொடுமை.

இரண்டு வருடத்தில் கடையை மூடிவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். இப்போது தடவுவது அவளுடைய துணிகளை, போர்வையை, என் மகளின் காலுறைகளை. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தடவாமல் பத்து நிமிடம் உட்காரும் பயிற்சிக்கும் போனாள். வியர்த்து நனைந்து திரும்புவாள். இப்படியே ஏழு வருடம் போனது.

பிறகுதான் சியோலில் டாக்டர் பியோன் அந்த சிகிச்சையைச் சொன்னார். மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்து ஒலியலைகளை மூளைக்குள் ஒரு புள்ளியில் குவித்து, அந்த இடத்தைச் சூடாக்கிச் சுடுவது.

"உள்ள எதுவும் விட்டுட மாட்டீங்களே?" என்று கேட்டாள் அக்கா.

"எதுவுமே உள்ள போகாதுங்க. சத்தம் மட்டும்தான்."

உடனே கையெழுத்துப் போட்டாள். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் ஒன்று எச்சரித்தார்: அவளுடைய மண்டையோட்டு எலும்பு ஒலியை விழுங்கும் வகை, சூடு ஏறாமல் போகலாம். அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை.

அன்று காலை தலையை மழித்தார்கள்.

"பட்டாளத்துக்குப் போற பையனாட்டம் இருக்கேக்கா."

"போய்ட்டு ரெண்டு வருஷத்துல வந்துடறேன்" என்றாள். பையன்கள் கட்டாயமாகப் பட்டாளத்தில் இருக்க வேண்டிய கணக்கு அது. அவள் ஜோக்கடித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

நான்கு திருகுகளால் தலையை ஒரு சட்டத்தில் இறுக்கி, சுற்றிலும் குளிர்ந்த நீர் ஓடும் தொப்பியை மாட்டி, எம்.ஆர்.ஐ.க்குள் தள்ளினார்கள். அவள் விழித்தேதான் இருந்தாள். பின்னால் என்னிடம் சொன்னாள்: "அது எவ்ளோ பெரிய காந்தம், உன்ஹா. எம்மேல ஊசி இருந்தா அதுவே இழுத்திருக்கும். உள்ள போனதும் ஒம்போது வருஷத்துல மொத தடவையா நெஞ்சு லேசாச்சு."

ஒவ்வொரு முறை ஒலி பாயும்போதும் தலைக்குள் வெம்மை, ஒரு சுழற்சி. பிறகு டாக்டரின் குரல்: "எப்படி இருக்கு?" பதினேழு முறை பாய்ச்சினார்கள். மதியம் தாண்டியது. திடீரென்று குரல் நின்றுபோனது. அசைய முடியாமல் காத்திருந்த அந்த நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டதாம்.

வெளியே வந்து டாக்டர் என்னிடம் சொன்னார்: "நாப்பத்தாறு டிகிரிக்கு மேல ஏறலைங்க, சுடறதுக்கு அது பத்தாது. எலும்பு தடுக்குது. இன்னும் சக்தியைக் கூட்டினா மண்டையோடே சூடாயிடும். நிறுத்திட்டோம்."

வார்டில் அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "என் தலையே என்னை வெளிய விடமாட்டேங்குது" என்றாள்.

வேறு வழி ஒன்று உண்டு என்றார் டாக்டர். மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி மின்சாரம் கொடுப்பது. கம்பி உள்ளேயே இருக்கும்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"எப்பவும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "கேட்டியா? எனக்கே ஊசிய வெச்சுத் தைக்கறேங்கறார்."

ஒன்றரை வருடம் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. போன மே மாதம், நான் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னாள்: "போய்க் கேட்டுத்தான் பாப்போமே." டாக்டரைப் பார்க்க ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு நேரம் வாங்கினேன். அன்று ஆறு மணிக்கே எழுந்து, போட்டுப்போக வேண்டிய கோட்டைக் காந்தத்தால் தடவ ஆரம்பித்தாள். எட்டரைக்கு நான் காலணி மாட்டி வாசலில் நின்றேன்.

"அக்கா, வீட்டு உடுப்போடயே வா. யாரும் பாக்கமாட்டாங்க."

"கோட்டோட இந்தக் கை மட்டும் முடிச்சுட்டு வரேன்."

பத்து அடித்தது. பதினொன்றும் அடித்தது. நான் காலணியைக் கழற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அடுத்த தேதி செப்டம்பரில்தான் கிடைத்தது. அக்காவிடம் சொன்னேன்.

"சரி" என்றாள், கையை நிறுத்தாமல்.