எட்டுத் தட்டும் ஒற்றை ஆளும்

கல்யாண மண்டபத்தில் ஊரே ஆடிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் அசையாமல் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு நின்றால் அவன்தான் டிஜே. என்னைப் போலவே வயது போன காலத்தில் புதுத் தொழில் கற்கப் புகுந்து விழி பிதுங்கி நிற்கும் சக அப்பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாம் படும் பாடு மற்றவர்களுக்குப் புரியாது.

எனக்கு முப்பத்தெட்டு வயது. விருதுநகரில் வீடு, சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. அப்பா போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். தம்பி திருப்பூரோடு இருந்துவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் அச்சாபீஸில் "வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை பஸ்ஸில் "சிவகாசி ஒண்ணு" என்று கேட்கும்வரை என் வாய்க்கு வேலை இருக்காது. கூட்டத்துக்கு நடுவில் நிற்கிற தொழில் ஒன்றைக் கற்றுக்கொண்டால் தேவலை என்றுதான், சவுண்ட் சர்வீஸ் நடத்தும் கார்த்தியிடம் போய்ச் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். முகூர்த்த நாளில் அவனோடு போவேன், மற்ற நாளில் அச்சு மெஷின் ஓட்டுவேன்.

எட்டு வரைதான்

கார்த்தி முதலில் கற்றுத்தந்தது பாட்டுப் போட அல்ல, எண்ண. ஆட்டப் பாட்டு எதுவானாலும் தாளம் பெரும்பாலும் நாலு நாலு தட்டாக நடக்கும். இரண்டு நாலு சேர்ந்தால் ஒரு எட்டு. நாலு எட்டு முடிகிற இடத்தில்தான் பாட்டில் ஏதாவது மாறும், குரல் வரும், அல்லது நிற்கும். அடுத்த பாட்டை உள்ளே விடுவதும் அந்த இடத்தில்தான். "எட்டை விட்டா எல்லாம் போச்சுண்ணே" என்றான். பல் தேய்க்கும்போதும் பஸ்ஸிலும் எண்ண ஆரம்பித்தேன்.

அச்சாபீஸில் மெஷின் தாளை இழுக்கும் சத்தம் எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று. அதோடு சேர்ந்து முணுமுணுப்பேன். பக்கத்து மேஜையில் பட்டாசு லேபிள்களை எண்ணிக் கட்டுப் போடுகிறவர் மாரியக்கா. அவர் நூறை நெருங்கும் நேரம் பார்த்து என் "ஒண்ணு, ரெண்டு" காதில் விழும், அவருக்குக் கணக்கு கலையும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். சில நாள் பொறுத்தார். ஒரு நாள் கட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏன் தம்பி, உங்களுக்கு எட்டுக்கு மேல தெரியாதா?"

பாட்டுக்காரர் எங்கே

பாட்டின் அமைப்பைக் கார்த்தி இப்படித்தான் சொன்னான்: "பஸ்ஸு மாதிரிண்ணே. ஏற ஒரு வாசல், இறங்க ஒரு வாசல். நடுவுல குதிச்சா பல்லு போயிரும்." டிஜேக்களுக்கென்று தயாரிக்கும் பாட்டுகளில் தொடக்கத்திலும் கடைசியிலும் குரலே இருக்காது, வெறும் தட்டு மட்டும் ஓடும். ஒரு பாட்டின் கடைசித் தட்டும் அடுத்த பாட்டின் முதல் தட்டும் ஒன்றாக நடந்தால், கேட்கிறவனுக்கு மாறியதே தெரியாது.

எம். புதுப்பட்டியில் ஒரு நிச்சயதார்த்தம். முதன்முதலாகக் கார்த்தி என்னைப் பாட்டு மாற்றச் சொன்னான். பாட்டு முடிந்து தட்டு மட்டும் ஓடுகிறது. எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. சரி, அடுத்த எட்டில் விடலாம் என்று காத்திருந்தேன். அதிலும் துணிவு வரவில்லை. அதற்கடுத்த எட்டு, அதற்கும் அடுத்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று வேட்டியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், காடுகரை உள்ள நல்ல பெரிய சம்சாரி, நிதானமாக நடந்து வந்து மேஜையில் கையூன்றினார். "கரண்டு இருக்கு, பெட்டி இருக்கு, நீங்களும் இருக்கீக. பாட்டுக்காரரு மட்டும் எங்கன போனாரு?"

வீட்டில் விசேஷம்

அந்த அவமானத்துக்குப் பிறகு பாட்டுகளைக் கலக்கும் பழைய கன்ட்ரோலர் பெட்டி ஒன்றைக் கார்த்தியிடம் இரவல் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே பழகினேன். ஒரே பாட்டு, ஒரே இடம், திரும்பத் திரும்ப. ஹெட்போன் மாட்டினால் தனியாக இருப்பது இன்னும் உறைக்கும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். உண்மையைச் சொன்னால், வீட்டில் சத்தம் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு நாள் கதவைத் தட்டினார். நல்ல சேலை உடுத்தி, தலையில் பூ வைத்திருந்தார். அழைக்காமல் விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் போல. உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, நான். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "விசேஷம்னு நெனச்சேன். ஆளே இல்லாம எதுக்குத் தம்பி இம்புட்டுச் சத்தம்?"

சாத்தூரிலிருந்து ஒரு நிபந்தனை

இந்த நேரத்தில்தான் சாத்தூரில் இருக்கும் என் சித்தி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். அவர் தெருவிலேயே இருக்கும் பெண். பெயர் செல்வி, மெடிக்கல் கடையில் பில் போடுகிறவர், வயது முப்பத்திமூன்று. எனக்குப் பெண் பார்ப்பதையே எல்லோரும் விட்டுவிட்டிருந்த காலம் அது. போட்டோ பார்த்தேன். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அடுக்களையில் ஒரு டம்ளர் எடுத்தாலும், பக்கத்தில் இன்னொரு டம்ளரை நினைத்துக்கொள்வேன்.

"பாட்டுப் போடுற சமாச்சாரத்தை இப்பச் சொல்லிக்கிட வேண்டாம்" என்றார் சித்தி. ஆனால் சாத்தூரில் எதுதான் மறைகிறது? செல்விக்குத் தெரிந்துவிட்டது. கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே சித்திக்குப் போன் போட்டேன். செல்வி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். "மெஷின் ஓட்டுறவுக ஊரெல்லாம் இருக்காக அக்கா. இவுக பாட்டுப் போடுறதை ஒரு நா நேர்ல பாக்கேன், பாத்துட்டுப் பதில் சொல்லுறேன்."

பகலில் ஒரு சத்தம்

அதன் பிறகு வெறி பிடித்தவன்போல் எண்ணினேன். செல்வி வந்து பார்க்கும் நாளில் ஒரு தட்டு தப்பக்கூடாது. தாயில்பட்டியில் ஒரு மஞ்சள் நீராட்டுச் சடங்கு வீடு, வெள்ளிக்கிழமை, உச்சிப்பொழுது. பந்தல் நிறையப் பெண்களும் பிள்ளைகளும். ஒரு பாட்டில் தட்டு மெல்ல மெல்ல வேகம் கூடி, சட்டென்று எல்லாம் அடங்கி, அப்புறம் 'டம்' என்று ஒரு பெருஞ்சத்தத்தோடு மறுபடி ஆரம்பிக்கும். அந்த 'டம்'மைச் சரியான எட்டில் கொண்டுவந்து இறக்கினேன். அதுவரை அவ்வளவு சுத்தமாக நான் செய்ததே இல்லை.

பந்தலில் ஒருத்தரும் ஆடவில்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது, ஊருக்கு வெளியே பட்டாசு கம்பெனிகள் இருக்கும் பக்கம். மனையில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை மாலையோடு எழுந்து நின்றுவிட்டாள். சில பேர் தெருவுக்கே ஓடி, புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஒரு அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு "எடுய்யா, எடுய்யா" என்றார். கார்த்தி பாய்ந்து வந்து சத்தத்தைக் குறைத்தான். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எட்டை மட்டும் பார்த்தேன், நேரத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்குப் போனில் அவர் ஆள் கிடைத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமே இல்லை. "அந்தப் பாட்டை ராத்திரிக்குப் போடுங்க தம்பி. பகல்ல எங்க ஆளுக வேலையில இருக்காக."

சாத்தூர் மண்டபம்

செல்வியின் தோழிக்குச் சாத்தூரில் கல்யாணம், சாயங்காலம் வரவேற்பு. ஆர்டர் கார்த்திக்கு வந்தது. அன்றைக்கே இருக்கன்குடியிலும் ஒரு ஆர்டர் என்பதால், "நீங்களே பாத்துக்கோங்கண்ணே" என்று என்னைத் தனியாக விட்டுப் போய்விட்டான். செல்வி பச்சைச் சேலையில் வருவார் என்று சித்தி சொல்லியிருந்தார். வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு முதல் பாட்டைப் போட்டேன்.

அன்று எல்லாம் கூடிவந்தது. ஒரு பாட்டு இறங்க, அடுத்தது ஏற, நடுவில் இடைவெளியே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மட்டுமல்ல, கைகழுவப் போனவர்களும் ஈரக்கையோடு வந்து ஆடினார்கள். இந்தப் பாட்டு முடிந்ததும் நிமிர்ந்து பச்சைச் சேலையைத் தேடலாம் என்று நினைப்பேன். அதற்குள் அடுத்த பாட்டைத் தயார் செய்ய வேண்டியிருக்கும். நடுநடுவே மேஜைக்குப் பக்கத்தில் யாராவது வந்து நின்று ஏதாவது பாட்டுப் போடச் சொல்லிக் கேட்பார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், காதில் ஹெட்போன் இருக்கும்போது அவர்கள் சொல்வது ஒன்றும் விழாது. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக் கையைக் காட்டுவோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி நிமிர்ந்தபோது பச்சைச் சேலை எதுவும் இல்லை. வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டு வயரைச் சுற்றினேன். மறுநாள் சித்தி போன் செய்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, செல்வி சொன்னதை அப்படியே சொன்னார். "எனக்கு வேண்டாம் அக்கா. பசியோட நிக்காகளேன்னு பக்கத்துல போயி, சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டேன். தலையைக்கூடத் தூக்கலை, ரெண்டு பாட்டு கழிச்சுப் போடுறேன்னு சொல்லிட்டாக."

அன்றைக்கு ஒரு தட்டுகூடத் தப்பாமல் எண்ணினேன் என்பதைச் சொல்லிக்கொள்ளத்தான் வீட்டில் ஆள் இல்லை.