துரையின் கார்

1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பது. கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. காற்று பலமாக வீசியது, மழை இன்னும் விழவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பெரியப்பாவின் கார் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. எனக்குப் பத்து வயது. பெரியப்பாவின் மகன் என்னைவிடப் பதினேழு நாள் இளையவன். அவன் முன் ஆசனத்தில் எழுந்து நின்று, கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தபடி, சாமி ஊர்வலம் வருவதுபோல வந்தான்.

கூரையில்லாத கார் அது. மழைக்கு இழுத்து மூட ஒரு கான்வஸ் பின்னால் மடிந்து கிடக்கும். எங்கள் ஒழுங்கையின் பதினொரு வீடுகளில் இரண்டில் கார் இருந்தது. இரண்டுக்கும் கூரை இருந்தது. அம்மா கலியாணப் பெண்ணாகக் கொழும்பின் காலி வீதியால் வந்தது பெரியப்பாவின் இந்தக் காரில்தான். நுவரெலியாவில் ஒரு தோட்டத்துரை, திறந்த காராகவே இங்கிலாந்திலிருந்து இறக்குவித்தது என்று அப்பா அவளுக்குச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அதைச் சொல்வாள்.

துரையின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. முகப்பில் பெயர்த்தகடு இல்லை; அது இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான். மாடல் முப்பத்துநாலு என்றார் பெரியப்பா. முப்பத்தேழு என்றார் அடுத்த வீட்டுக்காரர். பெரியப்பாவின் மகனுக்கு மட்டும் எதிலும் சந்தேகமில்லை.

"தொடாதையடா, துரையின்ர கார்," என்பான். "உங்கட அப்பாட்டச் சைக்கிள் கிடக்குத்தானே. அதுக்கும் கூரை இல்லை. அதிலை போ."

அந்தச் சொல் நான்கு மாதம் எனக்குச் செரிக்கவில்லை. கார் எனக்குக் கிடைக்காது என்பது தெரியும். அவனுக்கும் அது இருக்கக்கூடாது. இருந்தாலும் அவன் சொல்கிற காராக இருக்கக்கூடாது. அதற்கென்றே ஒரு கொப்பி போட்டேன். கார் வரும்போதெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து எண்ணி அதில் எழுதினேன். ஒரு சில்லுக்கு நாற்பத்தெட்டுக் கம்பிகள். கதவுகளுக்குப் பின்னால், ஆசனத்தோலின் ஓரத்தில், பெயின்ற் பூசி மறைத்த ஒட்டுவேலை. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு துளைகள். அவற்றில் எதுவும் பூட்டியிருக்கவில்லை. திறந்த காருக்கு அவை எதற்கு?

பெரியப்பா காரைத் திருத்தக் கொடுக்கும், தகட்டு வேலை செய்யும் டிங்கரிங் பாஸ் எங்கள் பக்கத்துக் கால்வாய்க் கரையில் இருந்தார். சிங்களவர்; என்னைத் தம்பி என்ற பொருளில் 'மல்லி' என்பார். கொப்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"மல்லி கெட்டிக்காரன். அது மூடின கார்தான். கூரை நான்தான் வெட்டினது, மூணு நாள் வேலை. அந்தா, கோழிக்கூட்டுக்கு மேல கிடக்கிறது அந்தக் கூரைதான்."

பார்த்தேன். துருப்பிடித்த கறுப்புத் தகடு, மேலே இரண்டு கோழிகள். எனக்கு அது போதும். வீட்டுக்கு ஓடினேன்.

அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் காத்திருந்தேன். அன்று நண்டுக்கறி. பெரியப்பா, அப்பா, அவன், நான் நால்வரும் மேசையில். அம்மா பரிமாறிக்கொண்டு நின்றாள். இரண்டாம் முறை சோறு வைத்ததும் தொடங்கினேன்.

"பெரியப்பா, உங்கட கார் துரையின்ர இல்லை. கூரை இருந்த கார். வெட்டினது. வெட்டின பாஸே சொன்னவர்."

"பொய் சொல்லுறான்," என்றான் அவன்.

"கூரை கோழிக்கூட்டுக்கு மேலை கிடக்கு. வா, காட்டுறன்."

அம்மாவின் கையில் அகப்பை நின்றது. "என்ன கதை இது?" என்று அப்பாவைப் பார்த்தாள். "திறந்த காராத்தான் வந்தது எண்டெல்லோ நீங்கள் சொன்னனீங்கள்?"

அப்பா தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு கவளம் பிசைந்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஓம், நான்தான் வெட்டுவிச்சனான். அந்த நாளையிலை எனக்குக் காத்து வாங்கிற விசர். துரைக் கதையும் நான் விட்ட புளுகுதான். தம்பி பாவம், நம்பிப்போட்டான்."

"நல்ல ஆள் நீங்கள், அத்தான். நான் பதினொரு வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறன்," என்று அம்மா சிரித்தாள். பெரியப்பாவும் சிரித்தார். அவன் கண்ணில் நீர் முட்டியது. நான் நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சினேன். அதற்குப் பிறகு நான் தின்ற எந்த நண்டும் அவ்வளவு ருசியாக இருந்ததில்லை. அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. கறியில் உறைப்புக் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

அதன்பிறகு அந்தக் கார் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. அடுத்த வருடம் பெரியப்பா அதை விற்றுவிட்டார். எங்கே போனது என்று தெரியாது.

அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். வீட்டுக்கு இரண்டு கார்; எனக்கு இன்னும் பேருந்துதான். சென்ற மாதம் தொலைபேசியில், "அந்தக் கார் என்ன மாடலடா? பேரன் கேக்கிறான்," என்றான். தெரிந்தால் அவனுக்கு முன்னால் எனக்குத் தெரியவேண்டும் என்று, அப்பாவின் பழைய கடதாசிகளைக் கிளறினேன். மாடல் கிடைக்கவில்லை. கலியாணச் செலவுக் கடதாசிக் கட்டுக்குள் அந்தப் பாஸின் பற்றுச்சீட்டு இருந்தது. கலியாணத்துக்கு ஒன்பது நாள் முந்தியது. தமையன் தம்பிக்காகத் தன் நல்ல காரை வெட்டக் கொடுத்திருக்கிறார். சீட்டு அப்பாவின் பெயருக்கு: கூரை வெட்டி எடுத்தல், இரு பக்கமும் ஒட்டுதல், கான்வஸ் தைத்தல், பெயின்ற். அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல், முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய் ஐம்பது சதம்.